பழைய பைக் கண்காட்சியில் எடுத்த ஃபிலிம் ரோல் கெட்டுப்போனால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

நெல்லைப் பக்கம் எங்காவது பழைய பைக்குகளை வரிசையாக நிறுத்திக் காட்டும் நாள் வந்துபோனால், அடுத்த சில வாரங்களுக்கு நண்பர்கள் நெகட்டிவ் கவரோடு வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 என்று ஆசை ஆசையாக எடுத்திருப்பார்கள். கேமரா போய்விட்டது, இல்லையென்றால் லேபில் கெடுத்துவிட்டார்கள் என்ற முடிவோடுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் இரண்டும் கிடையாது. பத்து ரூபாய்கூடச் செலவாகாத காரணம் ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு நேரே கேமராவைப் பிரிக்கக் கொடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். உங்கள் ரோலில் தெரிகிற குறைக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## எதற்கும் முன்னால்: ஓர எழுத்து

லேபிலிருந்து போனுக்கு வந்த ஸ்கேனை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஸ்கேன் இயந்திரம் இருட்டைத் தூக்கியும் வெளிச்சத்தை அடக்கியும் கொடுத்திருக்கும். நெகட்டிவ் கையில் வேண்டும். கலர் ரோலை வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பும்போதே "நெகட்டிவைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கவரின் மேல் எழுதிவிடுங்கள். சொல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும் லேப்களும் உண்டு.

போனில் வெள்ளைத் திரை வைத்து, அதற்கு மேல் நெகட்டிவைப் பிடியுங்கள். பல் துளை வரிசையை ஒட்டி ஃபிலிமின் பெயரும் 1, 1A, 2, 2A என்று எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை. டெவலப்பர் என்னும் மருந்தில் கழுவினால்தான் தெரியும். உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் குறை எந்தப் பக்கம் என்பதை அவையே சொல்லிவிடும்.

ஓர எழுத்து அழுத்தமாக இருந்து படம் மட்டும் சரியில்லை என்றால், கேமராவையோ எடுத்த விதத்தையோ பாருங்கள். எழுத்தும் மங்கல், படமும் மங்கல் என்றால் கழுவியதில் குறை. எழுத்தே இல்லாமல் பட்டை கண்ணாடி போல இருந்தால் டெவலப்பர் வேலை செய்யவில்லை, அல்லது டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைக்க வைக்க ஊற்றும் ஹைப்போவை முதலிலேயே ஊற்றிவிட்டார்கள். ஓரம் உட்பட எல்லாமே கறுப்பாக இருந்தால் ரோல் வெளிச்சம் குடித்துவிட்டது.

## ரோல் முழுக்க ஒன்றுமே இல்லை

### ஓர எழுத்து இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை

பெரும்பாலும் ஃபிலிம் நகரவே இல்லை. ரோல் மாட்டும்போது நுனி எடுப்புச் சுருளில் பிடிக்காமல் நழுவியிருக்கும். எண் காட்டும் முள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதை நம்பக்கூடாது.

சரிபார்ப்பு எளிது. ரோலை மாட்டி மூடியதும், இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி திசையில் மெல்லத் திருகி, தளர்வை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுங்கள். குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் திறந்து மறுபடி மாட்டுங்கள். கண்காட்சி வாசலில் கூட்டத்தோடு நின்று ரோல் மாட்டாதீர்கள், வீட்டிலேயே முதல் ரோலை ஏற்றிக்கொண்டு போங்கள்.

யாஷிகா எலெக்ட்ரோ 35 மாதிரி, லென்ஸ் வழியாகப் பார்க்காத கேமரா என்றால் லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா என்பதையும் யோசியுங்கள். மூடி போட்டிருந்தாலும் கண்ணுக்குப் படம் தெளிவாகவே தெரியும்.

இரண்டும் இல்லையென்றால் ரோல் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டி, 1/30 நொடி வேகத்தில் ஷட்டரை அழுத்துங்கள். ஒரு கீற்று வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஷட்டர் திறக்கவில்லை. மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

### எல்லாம் கறுப்பு

வீட்டில் யாராவது கதவைத் திறந்து பார்த்திருப்பார்கள். ரீவைண்ட் செய்யாமலேயே திறந்திருந்தால் வெளியே இருந்த பகுதி கறுத்து, டப்பிக்குள் இருந்த பகுதி மட்டும் பிழைத்திருக்கும். இதற்கு ரிப்பேர் எதுவும் இல்லை.

## வண்டி இருட்டு, சுற்றிலும் பளிச்

என்னிடம் வரும் ரோல்களில் அதிகம் இருப்பது இந்தக் குறைதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெகட்டிவில் வண்டி இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். இன்ஜின், கார்புரேட்டர், செயின் கவர் எல்லாம் ஒரே கும்மிருட்டு.

### முதல் சந்தேகம்: ஐஎஸ்ஓ டயல்

ஃபிலிம் எவ்வளவு வேகமாக வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஐஎஸ்ஓ. 200 ரோல் போட்டுவிட்டு டயல் 800இல் நின்றால் ரோல் முழுக்க இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரு மடங்கு). எல்லாப் படமும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் இதைப் பாருங்கள். கழுவுவதற்கு முன்பே கண்டுபிடித்தால் லேபில் சொல்லி அதிக நேரம் கழுவச் சொல்லலாம். கழுவிய பிறகு வழியில்லை.

### அடுத்தது: மீட்டரை ஏமாற்றிய வெளிச்சம்

சில படம் நன்றாக, சில படம் இருட்டாக இருக்கிறதா? அப்படியென்றால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் குரோமையோ, வானத்தையோ, வெயிலில் வெளுத்துக் கிடக்கும் மைதான மண்ணையோ பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறது. வரிசையின் முதல் வண்டியைப் பந்தல் நிழலில் நிறுத்தி, பின்னால் வெயில் மைதானம் தெரிந்தால் மீட்டர் வெயிலைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி உள்ளங்கைதான். வண்டி நிற்கும் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டி, படம் முழுக்கக் கை நிரம்பும்படி வைத்து மீட்டர் பாருங்கள். அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப் அதிகம் திறந்து எடுங்கள். கறுப்பு புல்லட்டானாலும் வெள்ளை லாம்பிரெட்டாவானாலும் கணக்கு ஒன்றுதான், ஏனென்றால் வண்டியின் நிறத்தை மீட்டர் பார்க்கவே இல்லை.

மீட்டரே இல்லாத கேமரா என்றால் நம் ஊர் முழு வெயிலுக்கு எஃப்16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்து எண். எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 200 ரோலுக்கு 1/250, 400 ரோலுக்கு 1/500. கட்டட நிழலில் மூன்று ஸ்டாப் திறந்து எஃப்5.6. துணிப் பந்தலுக்கு உள்ளே இன்னும் இரண்டு ஸ்டாப், அதாவது 200 ரோலுக்கு எஃப்5.6இல் 1/60. சந்தேகம் வந்தால் கூட்டியே கொடுங்கள். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் அதிகத்தைத் தாங்கும், இரண்டு ஸ்டாப் குறைவைத் தாங்காது.

### அதற்கும் அடுத்தது: நடுப்பகல்

மீட்டர் சரியாகவே இருந்தும் இன்ஜின் மட்டும் இருட்டு என்றால் மணியைப் பாருங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் திருநெல்வேலியில் பகல் பன்னிரண்டேகால் வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். டேங்கின் நிழல் அப்படியே இன்ஜின் மேல் விழும். டேங்கின் மேல்பக்கம் வெளுத்து, கீழே சிலிண்டர் துடுப்புகள் ஒன்றும் தெரியாது. எந்தக் கேமராவாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

காலை எட்டு மணிக்கே போங்கள். கண்காட்சி திறக்கும் முன், வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும் நேரம் அது. வெளிச்சம் சாய்வாக இருக்கும், கூட்டமும் இருக்காது. பனியன் வேஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒருவர் தன் வண்டியின் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார். "இது எங்க அய்யா வாங்குன வண்டி தம்பி" என்று அவரே பேச்சைத் தொடங்குவார். "அண்ணாச்சி, முன்சக்கரத்தைக் கொஞ்சம் வெயில் பக்கம் ஒடிச்சு நிறுத்தலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்காமல் வண்டியைத் தொடவோ மேலே உட்காரவோ கூடாது. ஹாண்டில் பாரில் கேமராப் பையை மாட்டுவதும் தப்பு, பெயின்ட்டில் கோடு விழுந்தால் அவருடைய பல மாத உழைப்பு போய்விடும்.

### கடைசியில்: பேட்டரியும் மீட்டரும்

எங்கே எடுத்தாலும் இருட்டு, டயலும் சரி என்றால் பேட்டரியைப் பாருங்கள். பென்டாக்ஸ் கே1000இல் மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் இல்லை. லென்ஸ் மூடி போடாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். எலெக்ட்ரோ 35இல் பேட்டரி செத்துவிட்டால் ஷட்டர் எப்போதும் 1/500இலேயே அடிக்கும். வெயிலில் எடுத்தது வந்து, பந்தலில் எடுத்தது மட்டும் காணாமல் போனால் இதுதான் காரணம். பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும்.

அறுபது, எழுபதுகளில் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. இப்போது அந்தப் பேட்டரி விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பல கேமராக்களில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருட்டும். காது கேட்கும் கருவி விற்கும் கடையில் 675 எண் பேட்டரி கேளுங்கள், அது 1.4 வோல்ட். அளவு சின்னதாக இருப்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்து மாட்ட வேண்டும். சில மாதத்தில் தீர்ந்துவிடும், ஆனாலும் விலை குறைவு.

பேட்டரி மாற்றியும் உள்ளங்கை வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று முள் நகராமல் நின்றால் மீட்டர் செல் செத்திருக்கலாம். அதற்காகக் கேமராவைப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஷட்டர் நன்றாக இருந்தால் போனில் ஒரு மீட்டர் செயலியை வைத்தே காலம் ஓட்டலாம்.

## குரோம் வெளுத்துப் போகிறது, டேங்கில் நானே தெரிகிறேன்

ஹெட்லைட் வளையத்திலும் சைலன்சரிலும் சூரியன் ஒரு புள்ளியாக மின்னினால் அது குறை இல்லை, குரோமின் குணம். புள்ளி பெரிதாகி வளையத்தையே விழுங்கினால் மட்டும் கவலைப்படுங்கள்.

போலரைசர் ஃபில்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டேங்க் பெயின்ட், சீட் ரெக்ஸின், மண்ணின் பளபளப்பு இவற்றை அது அடக்கும். வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அது அடக்காது. குரோமுக்காக அதை வாங்காதீர்கள்.

நின்ற இடத்திலிருந்து இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், கண்ணுக்குத் தெரியும் மின்னல் அப்போதே இடம் மாறும். உங்கள் உருவம் டேங்கில் தெரிந்தால் நேராக நிற்காமல் சாய்கோணத்தில் நில்லுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்குப் பதில் 85 அல்லது 135 மி.மீ. இருந்தால் தள்ளி நிற்கலாம், உருவம் சுருங்கிவிடும். அன்றைக்குச் சிவப்புச் சட்டை வேண்டாம். பழைய புல்லட்டின் கறுப்பு டேங்கில், கையால் இழுத்த தங்கக் கோட்டுக்குப் பக்கத்தில், அந்தச் சிவப்பு அப்படியே படிந்து நிற்கும்.

## நிறம் மாறிப் போய்விட்டது

### பந்தலில் எடுத்தது மட்டும் சிவப்பு அல்லது நீலம்

சாமியானா துணியின் நிறம் வெயில் வழியாக வண்டியின் மேல் இறங்கியிருக்கிறது. தார்ப்பாய் என்றால் நீலம். ஸ்கேனில் ஓரளவு திருத்தலாம், ஆனால் துணி பல நிறமாக இருந்தால் முடியாது. பந்தலுக்குள் கறுப்பு வெள்ளை ரோல் போடுவது நல்லது. டியூப் லைட் வெளிச்சத்தில் கலர் ரோல் பச்சை அடிக்கும், அதற்கும் இதே பதில்தான்.

### ரோல் முழுக்க மந்தம், நிறம் செத்து, புகை படிந்த மாதிரி

ஓர எழுத்தைப் பாருங்கள். எழுத்துக்குப் பின்னால் இருக்கும் தெளிவான பட்டையே கறுத்திருந்தால், ரோல் வெப்பத்தில் வெந்திருக்கிறது அல்லது காலாவதியானது. வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்க் கவரிலும் சீட்டுக்கு அடியிலும் ரோலை வைத்துவிட்டுப் பகல் முழுக்கச் சுற்றினால் இதுதான் நடக்கும். ஈரத் துணி சுற்றிய தண்ணீர் பாட்டிலோடு ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். ரோல் மட்டும் மூடி இறுக்கமான டப்பாவில் இருக்க வேண்டும்.

வீட்டில் குளிர்பெட்டியில் வைத்திருந்தால், எடுத்த உடனே ரோல் இருக்கும் டப்பாவைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். நம் ஊர்க் காற்றுக்கு உடனே வியர்த்துவிடும்.

பழைய ஸ்டுடியோ அலமாரிகளிலிருந்து ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல் எப்போதாவது கிடைக்கும். வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் திரும்ப எடுக்க முடியாத நாளில் அதைப் போடாதீர்கள். காலாவதியாகிப் பத்து ஆண்டுக்கு ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுப்பது பொதுவான கணக்கு. எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத ரோலுக்கு அந்தக் கணக்கும் செல்லாது.

## படம் கூர்மையாக இல்லை

நெகட்டிவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: படத்தில் எங்காவது ஓரிடம் கூர்மையாக இருக்கிறதா?

### எங்கோ ஓரிடம் கூர்மை, வேண்டிய இடத்தில் இல்லை

ஃபோகஸ் தவறியது. ஒரு மீட்டர் தூரத்தில் 50 லென்ஸை எஃப்2.8இல் வைத்தால் கூர்மையாக வருவது ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான். டேங்க் சின்னம் தெளிவாக வரும், பின்னால் இருக்கும் ஆம்பியர் மீட்டர் கலங்கிவிடும். எஃப்8இல் அது பதினெட்டு சென்டிமீட்டர் ஆகும். நெருங்கி எடுக்கும் படத்துக்கெல்லாம் எஃப்8க்குக் குறையாதீர்கள். ஃபோகஸ் வளையமே இல்லாத சாதாரணக் கேமராவில் நெருங்கிப் போவதே வேண்டாம், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று முழு வண்டியை எடுங்கள்.

எல்லாப் படத்திலும், எல்லாத் தூரத்திலும், கூர்மை ஒரே பக்கமாக முன்னாலோ பின்னாலோ விழுந்தால் அது கையின் தவறில்லை. தூரத்தைப் பார்த்து ஃபோகஸ் வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் அளவு விலகியிருக்கும், மெக்கானிக் திருத்திக் கொடுப்பார்.

### எங்குமே கூர்மை இல்லை, எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

கை ஆடியது. 50 லென்ஸுக்கு 1/60க்குக் கீழே போகாதீர்கள், 135க்கு 1/250. மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள். பந்தல் தூணில் சாய்ந்து நின்றால் ஒரு ஸ்டாப் லாபம்.

### சுற்றி எல்லாம் கூர்மை, வண்டி மட்டும் இரட்டையாக

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஒற்றை சிலிண்டர் புல்லட் ஐட்லிங்கில் நிற்கும்போது முன் மட்கார்டும் நம்பர் பிளேட்டும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். 1/250 வேண்டும். நான் பார்த்தவரை பலர் அதை எடுக்கும் நேரம் மாலை, 1/60இல் வைத்திருப்பார்கள்.

மாலை வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது வேண்டுமென்றே 1/30இல் வைத்து வண்டியோடு கேமராவைத் திருப்பி எடுக்கலாம், பின்னணி கோடாக ஓடும். யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் மூன்றும் டூ ஸ்ட்ரோக். கிக்கர் அடித்த முதல் நிமிடத்தில் ஆயில் புகை நன்றாக வரும், சூரியன் புகைக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர். அதைக் கிக்கராக நிமிர்த்தி உதைத்துவிட்டு மறுபடி கியராக மடக்கும் அந்த அசைவைத் தவறவிடாதீர்கள். இதற்கெல்லாம் கடைசியில் ஐந்தாறு படம் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

## ஒரு பக்கம் மட்டும் கறுத்த படம்

இங்கே கறுப்பு என்பது ஸ்கேனில், நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஃப்ளாஷ் போட்டீர்களா? போட்டிருந்தால் ஷட்டர் வேகம் கூடியிருக்கும். கே1000இல் ஃப்ளாஷுக்கு 1/60தான் உச்சம். அதற்கு மேல் போனால் படத்தின் ஒரு பகுதி இருட்டாகவே வரும்.

ஃப்ளாஷ் இல்லையென்றால் எந்த வேகத்தில் எடுத்த படங்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 1/1000இல் மட்டும் ஒரு ஓரம் கறுத்து, 1/250இல் நன்றாக இருந்தால், ஷட்டர் திரைகளில் ஒன்று சோம்பிவிட்டது. அடுத்த கண்காட்சிவரை 1/250க்கு மேல் போகாமல் எஃப்16இல் ஓட்டலாம். எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டாம், திரையில் படிந்தால் செலவு இரட்டிப்பாகும். இது மெக்கானிக் வேலை.

## ஆரஞ்சுக் கோடு, சிவப்புத் திட்டு

கோடு பல் துளை ஓரம் வரை நீண்டிருந்தால் கேமரா உடம்பில் ஓட்டை. படச் சட்டத்துக்குள்ளேயே நின்றால் லென்ஸில் நேராக விழுந்த வெயில். கையாலோ தொப்பியாலோ மறைத்து எடுங்கள்.

உடம்பில் ஓட்டை என்றால் பத்தில் ஒன்பது தடவை பின்கதவு விளிம்பில் இருக்கும் கறுப்பு ஃபோம்தான். நம் ஊர் வெக்கையில் அது உருகிப் பிசினாகிவிடும். விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துச் சுரண்டி எடுங்கள். ஒரு துணுக்கும் ஷட்டர் பக்கம் விழக்கூடாது, கேமராவைக் கவிழ்த்தே பிடித்துச் செய்யுங்கள். பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூல், கீல் பக்கம் தையல்காரரிடம் கிடைக்கும் கறுப்பு வெல்வெட் துண்டு. போதும்.

நாளைக்கே கண்காட்சி என்றால் ரோல் மாட்டி மூடிய பிறகு விளிம்பு முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, வேலை செய்யும்.

## நீளவாக்கில் கீறல்

ரோல் முழுக்க ஒரே உயரத்தில் ஒரே கோடு ஓடினால் மணல். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் நடக்கும் நிகழ்ச்சியில் ரோல் மாற்றினால் இது கட்டாயம் வரும். காற்றுக்கு முதுகு காட்டி, துண்டுக்குள் வைத்து மாற்றுங்கள். முடிந்தால் காருக்குள் போய்விடுங்கள். மாற்றும் முன் ரப்பர் ஊதியால் உள்ளே ஊதிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

நெகட்டிவைச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பான பக்கம் கீறல் என்றால் ஸ்கேனில் ஓரளவு மறையும். மந்தமான பக்கம் என்றால் படம் பதிந்த மருந்துப் படலமே உரிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது. கேமராவை நன்றாகத் துடைத்த பிறகும் அடுத்த ரோலிலும் அதே உயரத்தில் வந்தால் பின்கதவின் அழுத்தத் தகட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டும். தட்டவில்லை என்றால் லேபை மாற்றுங்கள்.

## லீவர் இறுகிவிட்டது, படம் மேல் படம் விழுகிறது

36 முடிந்து இறுகினால் இழுக்காதீர்கள். பல் துளை கிழியும், இல்லையென்றால் ஃபிலிம் டப்பியிலிருந்து பிய்ந்து வந்துவிடும். அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி ரீவைண்ட் செய்யுங்கள். குமிழ் தளர்வாகச் சுற்றினால் பிய்ந்துவிட்டது என்று பொருள். கேமராவை அப்படியே இருட்டறை உள்ள ஒருவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் என்றால் இரவில், ஜன்னல் இல்லாத அறையில், கம்பளிக்குள் கையைவிட்டு எடுத்து, வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு லேபில் சொல்லிக் கொடுங்கள்.

படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது ஒரு ரோலில் மட்டும் என்றால் மாட்டியதில் தளர்வு. ஒவ்வொரு ரோலிலும் என்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் போங்கள்.

## வீட்டில் கழுவிய கறுப்பு வெள்ளை ரோலில் குறை

### எல்லாம் கனமாக, கரடுமுரடாக, ஓர எழுத்து கன்னங்கரேலென்று

தண்ணீர் சூடு. ஃபிலிம் பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் எல்லாம் 20 டிகிரிக்கு. நம் மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் முப்பதைத் தாண்டித்தான் வரும். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு, மேற்கொண்டு தண்ணீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரிக்கு 7½ நிமிடம். 24 டிகிரியிலேயே அது ஐந்தேகால் பக்கம் வந்துவிடும். அதற்கு மேல் சூடானால் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய்த் திட்டுத் திட்டாகக் கழுவும்.

வழி என்னவென்றால், டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள். அப்போது 20 டிகிரிக்கு 13 நிமிடம். வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலும் நேரம் கைக்குள் நிற்கும். தண்ணீரை முந்தின இரவே மண்பானையில் ஊற்றி வையுங்கள், விடியற்காலையில் கழுவுங்கள். ஐஸ் கட்டியை மருந்துக்குள் போடாமல், பிளாஸ்டிக் பையில் கட்டி வெளிப் பாத்திரத்தில் போடுங்கள். டெவலப்பர், ஹைப்போ, கடைசியில் அலசும் தண்ணீர் எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். குளிர்ந்த மருந்திலிருந்து சூடான குழாய்த் தண்ணீருக்குப் போனால் மருந்துப் படலம் சுருங்கிப் பொறுக்குத் தட்டிவிடும்.

கலர் ரோலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேறு தொல்லை. கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில் கழுவுவது 37.8 டிகிரியில், டெவலப்பரில் 3¼ நிமிடம். அரை டிகிரி பிசகினாலும் நிறம் மாறலாம். முதலில் கறுப்பு வெள்ளையில் கை பழகட்டும்.

### பால் மாதிரி மங்கல்

ஹைப்போ போதவில்லை. புது ஹைப்போவில் மறுபடி போடுங்கள், வெளிச்சத்திலேயே செய்யலாம். இது ஒன்றுதான் முழுசாகத் திருத்தக்கூடிய குறை.

### காய்ந்த பிறகு வட்ட வட்டக் கறை

போர்த் தண்ணீர் உப்பு. கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். பைக்குக்குப் பேட்டரித் தண்ணீர் வாங்கும் கடையிலேயே கிடைக்கும். ஆசிட் கேனும் தண்ணீர் கேனும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். கறை விழுந்த ரோலை அதே தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, விரல் படாமல் தூசியில்லாத குளியலறையில் தொங்கவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

## மெக்கானிக்கிடம் எப்போது போவது

ஷட்டர் திறக்காதது, வேகத்தில் ஓரம் கறுப்பது, ஒவ்வொரு ரோலிலும் படம் ஏறுவது, ஃபோகஸ் ஒரே பக்கம் விலகுவது, லென்ஸுக்குள் பூஞ்சை. இந்த ஐந்துக்கும் கை வைக்க வேண்டாம். பூஞ்சையைப் பார்க்க லென்ஸின் எஃப் துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை நூல் மாதிரி தெரிந்தால் அதுதான். குற்றாலச் சாரல் காலத்தில் தோல் உறைக்குள்ளேயே பூட்டி வைத்த கேமராக்களில் அதிகம் பார்க்கிறேன். உறையைக் கழற்றிக் காற்றோட்டமாக வையுங்கள்.

பழைய கேமரா திறக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நெல்லையில் பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் விசாரியுங்கள், அங்கே இல்லையென்றால் மதுரை அல்லது சென்னை. கொடுக்கும் முன் கேமராவின் விலையையும் ரிப்பேர் கூலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கே1000, நிக்கான் எஃப்எம்2 மாதிரி இயந்திர ஷட்டர் கேமராவுக்குச் செலவு செய்யலாம். பிளாஸ்டிக் உடம்பு, மோட்டார் ஓட்டும் கேமராவில் சர்க்யூட் போனால் இன்னொன்று வாங்குவதே மலிவு.

கேமராவோடு கெட்டுப்போன நெகட்டிவ் துண்டு ஒன்றையும் கவரில் போட்டுக் கொடுங்கள். எந்தப் படம் எந்த வேகம், எந்த எஃப் எண், ஃப்ளாஷ் உண்டா இல்லையா என்பதை ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். கூலி பேசும் முன்பே அவர் அதைத்தான் கேட்பார்.